இனயம் கரையில் ஒரு பாமர ரசிகன்

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு எனக்குள்ள யோக்கியதை, பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, இருட்டில் இரண்டரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்து, பிறகு வெளியே வந்து ஒரு காப்பி குடிப்பவன் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. காப்பி தீரும்போது படத்தில் எது மனத்தில் தங்கியிருக்கிறதோ அதுவே என் விமரிசனம். தங்காதவற்றைப் பற்றி விசாரப்படும் வழக்கம் எனக்கில்லை. இப்படிப்பட்ட பாமர ரசிகனாகிய எனக்குச் சமீப காலத்தில் தற்செயலாகக் கடல் சம்பந்தப்பட்ட படங்களாகவே பார்க்க வாய்த்தது. ‘தண்டேல்’, ‘கிங்ஸ்டன்’ ஆகிய இரண்டையும் 2025இன் தொடக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகையில் பார்த்தேன். ‘2018’, ‘மரியான்’, ‘செம்மீன்’ ஆகிய மூன்றையும் வீட்டில், மழை பெய்த சில இரவுகளில் பார்த்தேன். ஐந்து படங்களின் கடலையும் கண்ணாரக் கண்டுவிட்ட நான், மெரினாவில் சுண்டல் தின்ற நேரத்தைக் கழித்துவிட்டால், மெய்யான கடற்கரையில் ஒரு முழுப் பகல்கூட இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்துக்குப் பரிகாரம் தேடிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் புரட்டாசியில் வந்தது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் வேலையொன்றுமில்லை. ‘மரியான்’ படத்தின் நாயகன் நீரோடி என்னும் ஊரைச் சேர்ந்தவன். தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் கேரள எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி ஊர் அது. அங்கே போகலாமா என்று அலுவலக நண்பரிடம் கேட்டேன். கடற்புறத்தில் பிறந்து வளர்ந்த அவர், “நீரோடி வரைக்கும் எதுக்கு? எங்க மாமா இனயத்துல இருக்காரு. அங்கேயும் அதே கடலுதான்; சோறும் கிடைக்கும்” என்றார். சினிமா ஞானத்தைவிடச் சோறு நிச்சயமானது என்பதால் உடனே இணங்கினேன்.

நாஞ்சில் நாடு என்ற பெயரைக் கேட்டவுடன் நெல்வயலும் தாமரைக்குளமும் நினைவில் எழுவது வழக்கம். அந்தச் சித்திரம் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளுக்கு உரியது. இரணியலையும் திங்கள்நகரையும் தாண்டிப் பேருந்து கருங்கல்லை நெருங்க நெருங்க, வயல்கள் மறைந்து, செம்மண் மேடுகளும், மரச்சீனித் தோட்டங்களும், ரப்பர் மரங்களும், தென்னைக்கு நடுவே தலைநீட்டும் பனைகளும் மாறிமாறி வந்து, இது வேறு நிலம் என்பதை யாரும் சொல்லாமலே உணர்த்திவிடுகின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த தாலுகாக்கள் இவை. சுவரொட்டிகளில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. இரண்டையும் மொழிபெயர்ப்பின் தயவு இல்லாமல் பார்க்கக்கூடிய பாக்கியம் இந்த ஜனங்களுக்கு உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்த ஒழுகினசேரியும், ஜவுளி வணிகம் செய்துகொண்டே இலக்கியம் செய்து, தகழியின் ‘செம்மீன்’ நாவலைத் தமிழாக்கித் தந்த சுந்தர ராமசாமி வாழ்ந்த வீதியும் நாகர்கோவிலில்தான் இருக்கின்றன என்பதை நண்பர் பேருந்தில் ஞாபகப்படுத்தினார். ஆக, சிரிப்புக்கும் கடலுக்கும் நான் பட்டிருந்த கடன் இரண்டும் ஒரே ஊரில் தொடங்கியிருக்கின்றன.

இனயம் என்ற பெயர் பத்திரிகை படிப்பவர்களுக்குப் புதிதல்ல. 2016 ஜூலையில் இங்கே பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடலும் கரையும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். பின்னர் அத்திட்டம் கிழக்கே கன்னியாகுமரிப் பக்கம் இடம்பெயர்ந்தது. கிழக்கே குளச்சலும் குறும்பனையும், மேற்கே தேங்காய்ப்பட்டணமும் என்று ஊருக்கு ஊர் இடைவெளியே தெரியாமல் நீண்டு கிடக்கும் இந்தக் கரையில், கடல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தைத் தின்றுகொண்டு வருவதால், மலைப்பாறைகளை உடைத்துக் கொண்டுவந்து அணை போட்டிருக்கிறார்கள். அந்தக் கருங்கல் வரிசைக்கும் வீடுகளின் முற்றத்துக்கும் நடுவே ஒரு சாலை மாத்திரம் இருக்கிறது. சாலையில் வலை காய்கிறது. வலையின் ஓரத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அலையடித்துத் தெறிக்கும் நீர்த்துளி முகத்தில் படும்போது, படம் எடுப்பவர்கள் இந்த ஊருக்கு ஏன் அதிகம் வருவதில்லை என்பது எனக்கு விளங்கிற்று. இங்கே காதலர்கள் ஓடுவதற்கு மணல் போதாது.

மணலும் பாறையும் ஒருங்கே அமைந்த முட்டம் இங்கிருந்து கிழக்கே அதிக தூரமில்லை. பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தை 1981இலும், ‘கடலோரக் கவிதைகள்’ படத்தை 1986இலும் அங்கே எடுத்தார். இளமையில் அந்த இரண்டு படங்களையும் பார்த்து உருகியவர்களில் நானும் ஒருவன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் இப்போது யோசித்துப் பார்க்கும்போது, அந்தக் கடல் காதலர்களுக்குப் பின்னால் தொங்கவிட்ட ஒரு பெரிய நீலப் படுதாவாகவே என் நினைவில் நிற்கிறது. அலை எழுவது இளையராஜாவின் வாத்தியங்களுக்குத் துணையாக. பாறை நிற்பது நாயகி சாய்ந்துகொள்வதற்காக. அந்தப் படங்களின் சௌந்தரியத்தை நான் மறுக்கவில்லை. கடலை அழகு என்று எண்ணுவதற்கு ஒருவன் கரையில், வயிறு நிறைந்தவனாக, நிற்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

நண்பரின் மாமா எழுபதைத் தாண்டியவர். நாங்கள் போனபோது வீட்டு நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்களைத் தைத்துக்கொண்டிருந்தார். கட்டஞ்சாயா வந்தது. எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். கடல் படங்களாகப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்க்க வந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஊசியை நிறுத்தாமல், “என்னென்ன படம் பாத்தீங்க?” என்றார்.

நான் ‘மரியான்’ என்றதும் நிமிர்ந்தார். பரத்பாலா இயக்கி, தனுஷும் பார்வதியும் நடித்து, 2013இல் வந்த படம். நீரோடி இளைஞன் ஒருவன், தான் விரும்பும் பெண்ணின் குடும்பக் கடனைத் தீர்ப்பதற்காகச் சூடானுக்கு வேலைக்குப் போய், அங்கே கடத்தப்பட்டு, பாலைவனத்தில் உயிருக்குப் போராடித் திரும்பும் கதை. ரகுமானின் இசையும் தனுஷின் உடம்பும் அந்தப் படத்தைச் சுமந்துசென்ற விதத்தைப் பற்றி நான் சிலாகித்துப் பேசினேன். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “படம் கொள்ளாம் சார். பாட்டும் கொள்ளாம். ஆனா அவன் பேசுறது நீரோடிக்காரன் பேச்சில்ல. பின்ன, ஒத்தைக்குப் போய் ஈட்டியால குத்தி மீன் பிடிக்கான் பாருங்க. அந்தப் பக்கத்துக்காரனுவ சுறாவுக்குப் போறவனுவ. பத்துப் பன்னிரண்டு பேராத்தான் போவானுவ. கடலுக்கு ஒத்தைக்கு எவன் சார் போவான்?” என்றார்.

இந்த ஒரு கேள்வி, ஐந்து படங்களையும் நான் மனத்தில் அடுக்கிவைத்திருந்த வரிசையைக் கலைத்துப்போட்டுவிட்டது. தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள். கரையைவிட்டுப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். படகுக்கு ஒரு கூட்டம். செலவு போக மிஞ்சியதில் ஆளுக்கொரு பங்கு. பாடு இல்லாத நாளில் பட்டினியிலும் பங்கு. தொழிலின் ஆதாரமே கூட்டு. ஆனால் நம் சினிமாவுக்கு நாயகன் ஒருவன்தான் தேவை. ஆகையால் அது படகிலிருந்து மற்றவர்களை மெல்ல இறக்கிவிட்டு, ஒருவனை மாத்திரம் கடலுக்கு அனுப்பிவைக்கிறது. எம்.ஜி.ஆர். நடித்த ‘படகோட்டி’ வந்த 1964 முதல் இன்று வரை, மீனவன் என்றால் காற்றில் சட்டை பறக்கத் தனியாக நிற்கும் ஓர் உருவமே நம் கண்முன் வருவதற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ‘செம்மீன்’ படத்திடம் போனால், அது எவ்வளவு பெரிய படம் என்பது இன்னொரு முறை தெரியவருகிறது. ராமு காரியாட் இயக்கி 1965இல் வெளியாகி, தென்னிந்தியாவுக்கு முதன்முதலாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்த அப்படத்தின் இறுதியில், சத்யன் நடித்த பழனி என்னும் மீனவன் தனியாகத்தான் கடலுக்குப் போகிறான், பெருஞ்சுறா ஒன்று அவன் தூண்டிலில் சிக்கி இழுக்கிறது, அவன் திரும்புவதில்லை. பார்ப்பதற்கு இதுவும் ஒற்றை வீரனின் சாகசம்போல இருக்கும். ஆனால் அவன் தனியே போவது வீரத்தால் அல்ல. மனைவியைப் பற்றிய அபவாதத்தைக் கேட்ட தோழர்கள், அவனோடு ஒரே வள்ளத்தில் ஏறினால் தங்களுக்கும் கேடு வரும் என்று அஞ்சி விலக்கிவிட்டதால் போகிறான். மற்றப் படங்கள் பெருமையாகக் காட்டும் தனிமையைச் ‘செம்மீன்’ தண்டனையாகக் காட்டுகிறது. கூட்டத்தை இழந்தவனைக் கடல் எடுத்துக்கொள்ளுமுன் கரையே கொன்றுவிடுகிறது.

இதை ஒரு பிரசங்கம்போல நான் விவரித்துக்கொண்டிருந்தபோது, மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெரியவரின் மனைவி, பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கரையிலிருக்கும் மனைவி தவறாமல் இருந்தால்தான் கடலுக்குப் போன கணவன் பத்திரமாகத் திரும்புவான் என்ற நம்பிக்கையின்மீது அந்தக் கதை எழுந்திருப்பதை நான் சொன்னதும், “அப்படீன்னா ஒக்கியில போனவனுக்க பெண்டாட்டி எல்லாம் பிழைச்சவளாக்கும், இல்லியா?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பெரியவரும் ஊசியை நிறுத்திவிட்டார். நாற்பது ஆண்டுகளாக நான் கலையின் சிகரம் என்று போற்றிவந்த ஒரு படைப்பை, கையில் இன்னும் மீன்செதில் ஒட்டியிருந்த ஒரு பெண்மணி ஒரே வாக்கியத்தில் விசாரணைக் கூண்டில் நிறுத்திவிட்டார். படம் அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை, அதன் கொடுமையைத்தான் சொல்கிறது என்று வாதாட வழியுண்டு. அறையில் அமர்ந்து எழுதும்போது அந்த வாதம் எனக்குத் திருப்தியாகவும் இருக்கிறது. அந்தப் படியருகே அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 29ஆம் நாள் இரவும் 30ஆம் நாளும் இந்தக் கடலில் வீசியது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தேடுவதற்கு அரசாங்கம் போதுமான முயற்சி எடுக்கவில்லை என்று கொதித்த மீனவ ஜனங்கள், டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். காணாமற் போனவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். திவ்யபாரதி என்னும் இயக்குநர் இதைப் பற்றி 2018இல் ஓர் ஆவணப்படம் எடுத்து, அதற்கு ‘ஒருத்தரும் வரேல’ என்று பெயரிட்டார். இந்தக் கரையின் துயரத்தை இந்தக் கரையின் பேச்சிலேயே சொன்ன அந்த இரண்டு சொற்களுக்கு ஈடான தலைப்பை எந்தப் பெரிய முதலீட்டுப் படத்திலும் நான் கண்டதில்லை.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்புமாகச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்குப் பின் பேச்சு லேசாயிற்று. ‘கிங்ஸ்டன்’ படத்தை நண்பரும் பார்த்திருந்தார். கடலுக்குப் போனவர் பிணமாகவே கரை ஒதுங்கும் சாபமுற்ற ஓர் ஊர். சாபத்தைத் தீர்க்கக் கடலுக்குள் இறங்கும் ஜி.வி. பிரகாஷ், அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பேய்கள். முதற்பாதியில் ஒரு விறுவிறுப்பு இருக்கத்தான் செய்தது. பேய்கள் பெருகப்பெருகப் பயம் குறைந்துபோயிற்று என்பது என் அபிப்பிராயம். பெரியவர், “கடலுல பேயா? டீசல் விலைய விடப் பெரிய பேய் எது மக்கா?” என்று மருமகனிடம் கேட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார்.

‘தண்டேல்’ விஷயம் அப்படியல்ல. 2018இல் ஸ்ரீகாகுளம் மீனவர்கள் குஜராத்தில் படகேறிப் பாகிஸ்தான் கடல் பாதுகாப்புப் படையிடம் அகப்பட்டுச் சிறையிலிருந்து மீண்ட மெய்ச்சம்பவத்தைத் தழுவிய தெலுங்குப் படம் அது. ‘போகாதே’ என்று மன்றாடியும் போய்விட்ட காதலன்மீது சாய் பல்லவி காட்டும் கோபமும், கரையிலேயே நின்று அவர் நடத்தும் போராட்டமும் படத்தின் உயிர். சிறைக்குள் நடக்கும் வீர வசனங்களும் கொடிச் சண்டையும் காப்பி தீருமுன்பே எனக்கு மறந்துவிட்டன. ஆனால் சொந்தக் கடலில் பாடு குறைந்து அயலூர்ப் படகில் கூலிக்குப் போகும் நிலையை அது தொட்டுச் சென்றது என் நினைவில் தங்கியது. அந்த நிலை இந்தக் கரைக்கும் உரியது. வளைகுடாவிலும் ஈரானிலும் அந்நியர் படகுகளில் வேலை செய்யும் குமரிக் கடற்புறத்தார் பலர். 2020இல் கொரோனாவின் நடுவே ஈரானில் சிக்கித் தவித்த மீனவர்களை ‘ஜலாஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் ஜூலை முதல் தேதி தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. நண்பரின் சித்தப்பா மகன் அந்தக் கப்பலில் வந்தவர்களில் ஒருவராம். இப்போது மறுபடியும் அங்கேதான் இருக்கிறாராம்.

எஞ்சியது ‘2018’. ஜூட் ஆன்டனி ஜோசப் இயக்கி 2023இல் வந்த இந்த மலையாளப் படம், கேரளத்தை 2018 ஆகஸ்டில் மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பற்றியது. கடல் இதில் கொஞ்ச நேரந்தான் வருகிறது. ஆனால் கடற்புறத்து மீனவர்கள், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, தங்களுக்குச் சம்பந்தமில்லாத உள்நாட்டு வீதிகளுக்குள் புறப்படும் அந்தக் காட்சியில், எவன் நாயகன் என்று சுட்டிச் சொல்ல முடியாதபடி ஒரு கூட்டம் முழுவதும் ஒரே ஆளாக நிற்கிறது. பெரியவர் உறக்கம் கலைந்து எழுந்தவுடன் அவர் அளவுகோலால் அளந்து இதைச் சொன்னேன். அவர் அந்தப் படத்தைப் பேரனின் கைப்பேசியில் பார்த்திருந்தார். “அது சரியான படம்” என்றார். பிறகு, சற்று நேரம் கழித்து, “அதுக்கு முந்தின வருசந்தான் ஒக்கி” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. தங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று கரையில் நின்று கதறிய கடற்புறத்து ஜனங்கள், ஒன்பதே மாதங்களில் பிறரைத் தேடிப் போயிருக்கிறார்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் துணிவு நம் இயக்குநர்களில் யாருக்கேனும் வருமானால், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் வாங்குவேன். அதுவரையில், நான் பார்த்த ஐந்தில் சிறந்த கடற்படம் கடல் குறைவாக வரும் ‘2018’தான் என்பது என் தீர்ப்பு, ‘செம்மீன்’ அதற்கு அடுத்தபடி, அந்த அம்மாளின் கேள்விக்கு விடை சொல்லும் கடமையோடு.

வெயில் தாழ்ந்தபின், கல்லணை விட்டுவைத்த ஒரு சிறு மணற்பரப்பில் கரமடி இழுக்கிறார்கள் என்று அழைத்துச் சென்றார்கள். கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துப் போட்ட பெருவலையின் இரண்டு வடங்களையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று இழுக்கிறார்கள். கிழவரும் சிறுவரும் ஒரே தாளத்தில் பின்னோக்கி அடியெடுத்து வைக்கிறார்கள். கடைசியில் நிற்பவன் வடத்தை விட்டு முன்னே ஓடித் தண்ணீர் ஓரத்தில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறான். யாரோ என்னைப் பார்த்து, “சார், சும்மா நிக்காதீங்க, பிடியுங்க” என்றார்கள். பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. கால் மணி நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வலை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மடிக்குள் பெரும்பகுதி பாசியும் பிளாஸ்டிக்கும். மிச்சம் கொஞ்சம் நெத்திலி. அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

வடத்தைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு என்று சொல்லி, என் கையிலும் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். கருங்கல் பேருந்தில் உட்கார்ந்து பிரித்து எண்ணினேன். இருபத்தேழு நெத்திலி இருந்தன. விடுதியில் சமைக்க வழியில்லாததால், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.